மிச்ச மின்சாரத்தை நம்பி ஒரு கடன்

“எங்கள் பேட்டை ஒரு வருஷத்தில் செலவழிப்பதைவிட அதிகமான மின்சாரத்தைத் தானே தயாரித்துவிடும்” என்று நகராட்சிக்காரர்கள் சொல்லி முடித்ததும் வங்கியின் கடன் அதிகாரி மூன்று கேள்வி கேட்பார். மிச்சத்தை யார் வாங்குகிறார்கள்? என்ன விலைக்கு? எத்தனை வருஷத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் கடன் குழு ஏற்றுக்கொள்ளும்படியான பதிலைத் தயார் செய்வதுதான் நெதர்லாந்தில் என் தொழில். நகராட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் குடியிருப்பாளர்களின் கூட்டுறவுகளும் பேட்டையின் வரைபடத்தோடு வருவார்கள். மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு, சொந்தப் பணம் எவ்வளவு, எது எப்போது கைக்கு வரும், எதை யார் திருப்பிக் கட்டுவார் என்று பிரித்துக் கோப்பாக்கி, கையெழுத்து ஆகும்வரை கூடவே இருப்பேன்.

இதன் அரிச்சுவடியை நான் கோவையில் படித்தேன். வங்கிக் கிளையொன்றில் காற்றாலைக் கடன் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நூற்பாலை முதலாளிகள் உடுமலைப் பக்கமும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலை நிறுத்தினார்கள். காற்று வீசுவது வைகாசி முதல் புரட்டாசி வரை. ஆலை ஓடுவதோ வருஷம் முழுக்க. பருவத்தில் மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ‘பேங்கிங்’ என்றே பெயர். வாரியம் அந்த யூனிட்டுகளை எந்தக் கிடங்கிலும் அடுக்கி வைக்கவில்லை. ஒரு விதி இருந்தது, அந்த விதியின் பேரில் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதப்பட்டது, அந்த வரியை நம்பி வங்கி கடன் கொடுத்தது. என் மேலாளர் ஒவ்வொரு கோப்பிலும் இதையே கேட்பார்: “தம்பி, பேங்கிங் விதி மாறிட்டா பார்ட்டி எதை வெச்சுத் தவணை கட்டுவாரு?” பதில் எழுதாத கோப்பு அவர் மேசையைத் தாண்டாது. ஐரோப்பாவுக்கு வந்த பிறகும் என்னிடம் வரும் ஒவ்வொரு திட்டத்திலும் நான் முதலில் தேடுவது அந்தப் பதிலைத்தான்.

2018இல் ஐரோப்பிய நாடுகள் ஓர் இலக்கு வைத்தன: 2025க்குள் நூறு உபரி ஆற்றல் பேட்டைகள். ஒற்றை வீடு தன் தேவைக்கு மேல் தயாரிப்பது இதில் போதாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்கள் மின்சாரத்தையும் வெப்பத்தையும் தங்களுக்குள் பகிர்ந்து, நகரத்தின் மின்கட்டமைப்போடும் கொடுத்து வாங்கி, வருஷக் கணக்கில் மிச்சம் காட்ட வேண்டும். செலவைக் குறைப்பது, இடத்திலேயே தயாரிப்பது, தேவையை நேரத்துக்கேற்ப நகர்த்துவது ஆகிய மூன்றும் சேர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது, செய்யவும் முடியும். தொழில்நுட்பம் இல்லாமல் நின்றுபோன பேட்டையை நான் பார்த்ததில்லை. பணத்தின் வரிசை சரியாக அமையாமல் நின்றவற்றைப் பல பார்த்திருக்கிறேன்.

இந்த எண்ணத்துக்கு முன்னோடி என்று சொல்லத் தகுந்தது ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில், வோபான் பகுதியை ஒட்டி இருக்கிறது. கட்டடக் கலைஞர் ரோல்ஃப் டிஷ் 1994இல் தனக்கென்று சூரியனோடு சேர்ந்து திரும்பும் வீடு ஒன்றைக் கட்டினார். பிறகு, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் 59 வீடுகள் கொண்ட சூரியக் குடியிருப்பையும், சாலையோரமாக ‘சூரியக் கப்பல்’ என்னும் நீண்ட கடை, அலுவலகக் கட்டடத்தையும் எழுப்பினார். தெற்கு நோக்கிய கூரை முழுக்கப் பேனல். சுவர்களில் கனத்த காப்பு. குளிர்காலத்துக்கு வேண்டிய வெப்பம் பகுதியின் மரத்துண்டு எரிக்கும் நிலையத்திலிருந்து குழாயில் வருகிறது. அங்கே போகிறவர்கள் கூரையைப் படம் எடுப்பார்கள். நான் போனபோது எனக்கு அந்தக் கூரைக்குப் பின்னால் இருந்த சட்டம்தான் கண்ணில் நின்றது. ஜெர்மனி 2000இல் கொண்டுவந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம், சூரிய மின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அன்றைய ஜெர்மன் காசில் 99 ஃபெனிக் என்று விலை வைத்தது. 20 வருஷத்துக்கு விலை மாறாது. மின்கட்டமைப்பு நிறுவனம் வாங்கியே தீர வேண்டும். கூடவே, அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூ லட்சம் கூரைத் திட்டத்தின் கீழ்க் குறைந்த வட்டிக் கடன் கொடுத்தது. வீடுகளில் ஒரு பகுதியை வாங்குவதற்குச் சிறு முதலீட்டாளர்களிடம் பங்கு திரட்டி ஒரு நிதியமும் அமைக்கப்பட்டது. அந்தப் பங்கை வாங்கியவருக்கு வாடகையும் கூரையின் வருமானமும் இருபது வருஷத்துக்குக் காகிதத்தில் தெரிந்தன.

கடன் அதிகாரியின் மூன்று கேள்விக்கும் அங்கே பதில் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. அதனால்தான் டிஷ்ஷின் வடிவமைப்பு மாதிரி வீட்டோடு நிற்காமல் ஒரு தெருவாக ஆனது. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் திறமைக்குக் கடன் கிடைத்தது அந்தச் சட்டத்தால். முதல் ஆண்டில் இணைந்த கூரைகளுக்கு அந்த இருபது வருஷம் 2020 கடைசியில் முடிந்துவிட்டது. இப்போது புதிதாகக் கட்டுகிறவருக்கு அந்த விலை கிடையாது.

அதற்குப் பதிலாக இப்போது கிடைப்பது மானியம். என் வேலையில் பெரும் பகுதியை விழுங்குவதும் அதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் 2020 ஆராய்ச்சித் திட்டம் 2018 முதல் 2020 வரை இந்தப் பேட்டைகளுக்கென்று தனி அறிவிப்புகள் வெளியிட்டது. முன்னோடி நகரம் இரண்டு, பின்தொடரும் நகரங்கள் குறைந்தது ஐந்து, கூடவே பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் கூட்டமைப்பாகச் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். நார்வேயின் ட்ரோன்ஹைமும் அயர்லாந்தின் லிமெரிக்கும் அப்படிச் சேர்ந்து ஒரு மானியம் வாங்கின. ஃபின்லாந்தின் ஔலுவும் எங்கள் வடக்கே க்ரோனிங்கனும் இன்னொன்று. ஆம்ஸ்டர்டாமும் பில்பாவோவும் மற்றொன்று. அறிவிப்பு வெளியான வாரத்தில் எல்லா நகராட்சிகளும் பரபரப்பாகும். மேயர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, எத்தனை கூரைக்குப் பேனல் போடலாம், எத்தனை வீட்டைச் சீரமைக்கலாம் என்று பட்டியல் கேட்பார். அப்போது அறிவிப்பின் உள்ளே இருந்த ஒரு பத்தியை நான் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். கட்டடம் வாங்குவது, கட்டுவது, சீரமைப்பது, பராமரிப்பது ஆகியவற்றுக்கு மானியம் இல்லை. மின்வாகனம் வாங்க, சார்ஜிங் நிலையம் வைக்க இல்லை. கடையில் கிடைக்கும் சாதாரண சோலார் பேனலுக்கும் இல்லை. புதிய இணைப்பு, புதிய மென்பொருள், முழுமை பெறாத தொழில்நுட்பம், அளவீடு, ஆய்வு இவற்றுக்கு மட்டுமே பணம்.

அறையில் ஒரு அமைதி விழும். “அப்படியானால் பேட்டையை எதை வைத்துக் கட்டுவது?” என்று யாராவது கேட்பார். நியாயமான கேள்வி.

மானியத்துக்குத் தகுதி உள்ள சாமானிலும் கணக்கு எப்படிப் போகிறது என்று ஒரு பேட்டரியை வைத்துக் காட்டுகிறேன். புதுமையான அமைப்பு என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட, ஒரு லட்சம் யூரோ விலையுள்ள பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் பத்து வருஷம். திட்டம் ஐந்து வருஷம். டெண்டர், அனுமதி எல்லாம் முடிந்து மூன்றாம் வருஷக் கடைசியில் பேட்டரி வந்து இறங்குகிறது. பொது விதிப்படி, திட்டக் காலத்துக்குள் விழும் தேய்மானம் மட்டுமே செலவாகக் கணக்கில் வரும். மீதி இரண்டு வருஷத்துக்கு 20,000. அதன்மேல் நிர்வாகச் செலவுக்கு 25 சதவீதம் சேர்த்தால் 25,000. லாப நோக்குள்ள நிறுவனமாக இருந்தால் அதில் 70 சதவீதம்தான் மானியம்: 17,500 யூரோ. மீதி 82,500 யூரோவை அந்த நிறுவனம் வேறெங்காவது தேட வேண்டும். அதிலும் கடைசித் தவணை, அறிக்கைகள் எல்லாம் ஏற்கப்பட்ட பிறகே வரும். அதுவரை கைப்பணத்தில் ஓட்ட வேண்டும். சிறிய கூட்டுறவுகளுக்கு இந்த இடைவெளிதான் கழுத்தில் கத்தி.

இந்த விதியை வைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணம் அறிவைச் சேர்க்கவே போக வேண்டும், பேனல் கடைக்காரருக்குப் போகக் கூடாது என்பது சரியான வாதம். ஆனால் செய்தி வெளியே போகும்போது அது தொலைந்துவிடுகிறது. ட்ரோன்ஹைம், லிமெரிக் திட்டத்துக்கு ஒன்றியம் தந்தது சுமார் 20 மில்லியன் யூரோ. அது ஏழு நகரங்களுக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட பங்குதாரர்களுக்கும் ஐந்து வருஷத்தில் பிரிந்து போன பணம். அதில் பெரும் பங்கு சம்பளம். அந்த வேலை பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ட்ரோன்ஹைமில் கட்டடங்கள் தங்களுக்குள் மின்சாரத்தை விற்று வாங்கும் உள்ளூர்ச் சந்தையை ஒழுங்காணையத்தின் அனுமதியோடு முயன்று பார்த்தது அப்படிப்பட்ட பணத்தால்தான். ஆனால் அதே நகரத்தின் துறைமுகத்தில் நிற்கும் பவர்ஹவுஸ் பிராத்தர்காயா அலுவலகக் கட்டடத்தைப் பாருங்கள். வடக்கே 63 பாகை அட்சத்தில், 2019இல் திறக்கப்பட்டது. சுமார் 3,000 சதுர மீட்டர் பேனல், வருஷத்துக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் யூனிட். அதைக் கட்டியது என்ட்ரா என்னும் சொத்து நிறுவனம். செங்கல்லுக்குப் பணம் வந்தது அலுவலக வாடகை என்ற பழைய, பழகிய வருமானத்திலிருந்து. உபரி மின்சாரம் அதன்மேல் வந்து சேர்ந்தது. அலுவலக வாடகை இல்லாத பேட்டைகளுக்கு, அதாவது ஏழைகளும் ஓய்வூதியக்காரர்களும் குடியிருக்கும் வீடுகளுக்கு, இந்த வழி கிடையாது. என் அக்கறை முழுக்க அவற்றின் மேல்தான்.

நெதர்லாந்தில் வாடகை வீடுகளில் பெரும்பாலானவை லாப நோக்கில்லாத வீட்டுவசதிச் சங்கங்களின் கையில் இருக்கின்றன. சங்கங்கள் கடன் வாங்கினால் அவற்றுக்கென்று ஓர் உத்தரவாத நிதியம் பிணை நிற்கும். அதற்குப் பின்னால் அரசும் நகராட்சிகளும் நிற்கின்றன. அதனால் வட்டி குறைவு. ஆனால் அந்தப் பிணை சமூக வீடுகளுக்கு மட்டும். 2015 வீட்டுவசதிச் சட்டம் சங்கங்களின் வேலையை வீடு என்ற வட்டத்துக்குள் சுருக்கிவிட்டது. பேட்டை முழுவதற்கும் மின்சாரம் விற்கும் வியாபாரத்துக்கு அந்த மலிவான கடன் எட்டாது. இன்னொரு முடிச்சும் உண்டு. வீட்டைச் சீரமைக்கச் செலவழிப்பது சங்கம். குறைகிற கட்டணம் குடியிருப்பவருடையது. செலவு ஒருவருக்கு, ஆதாயம் ஒருவருக்கு என்றால் எந்தக் கணக்கும் நிற்காது.

இந்த முடிச்சை அவிழ்க்க டச்சுக்காரர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். 2013இல் ஆறு சங்கங்களும் நான்கு கட்டுமான நிறுவனங்களும் உடன்படிக்கை ஒன்று போட்டன. பழைய வரிசை வீடுகளுக்குத் தொழிற்சாலையில் செய்த புதுச் சுவரும் கூரையும் போர்த்தி, காஸ் இணைப்பை எடுத்துவிட்டு, ஹீட் பம்ப் வைத்து, வருஷக் கணக்கில் செலவும் உற்பத்தியும் சமமாகும்படி செய்வது. இலக்கு முதலில் 11,000 வீடு, பிறகு 1,11,000. நடந்தது அதில் சிறு பங்குதான். ஆனாலும் அதன் பயனாக 2016 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது. வீடு இத்தனை குறைந்த வெப்பத்தில் இயங்கும், இத்தனை மின்சாரம் தயாரிக்கும் என்று சங்கம் எழுத்தில் உறுதி கொடுத்தால், குடியிருப்பவரிடம் மாதம் ஒரு கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். மிகச் சிறந்த காப்புள்ள வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1 யூரோ 40 சென்ட் என்பது அப்போதைய உச்சம். 90 சதுர மீட்டர் வீடு என்றால் மாதம் 126 யூரோ. முன்பு மின்சாரத்துக்கும் காஸுக்கும் போன பணம் இப்போது சங்கத்துக்கு வந்து கடன் தவணையாகும்.

அப்படியொரு வரிசை வீடுகளுக்குக் கூட்டம் போட்டு, ஒவ்வொரு வீடாகப் போய் விளக்கும் வேலையில் நானும் இருந்தேன். அங்கே யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் அகதியாக வந்து குடியேறிய ஓர் அம்மா இருந்தார். டச்சில் தொடங்கிய பேச்சு என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வந்தது. சமையலறை மேசையில் மூன்று பில்களையும் வரிசையாக வைத்தார்.

“தம்பி, இப்ப நான் வாடகை ஒரு பக்கம், கறண்டுக்கு ஒரு பக்கம், காஸுக்கு ஒரு பக்கம் கட்டுறன். நீங்கள் சொல்லுற காசு இதில எது?”

“பின்னாடி ரெண்டுக்கும் பதிலா இதும்மா. வாடகை அப்படியே இருக்கும்.”

“வெயில் குறைஞ்ச வருசம்?”

“குறைஞ்சா சங்கம் பொறுப்பு. எழுத்துல இருக்கு.”

தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “சரி. சட்டம் மாறினா ஆர் கட்டுறது?”

கோவை மேலாளரின் கேள்வி, கடன் வாங்காத ஒருவரிடமிருந்து ஏறத்தாழ அதே சொல்லில் வந்தது. ஒப்பந்த வரைவில் அதற்குப் பதில் இல்லை என்று அவரிடம் சொன்னேன். சங்கத்தின் நிதி மேலாளரிடமும் போய்ச் சொன்னேன்.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று விளக்குகிறேன். எங்கள் ஊரில் ஜூன் மாதம் கூரையில் கிடைக்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட டிசம்பரில் கிடைக்காது. ஹீட் பம்ப் அதிகம் இழுப்பதோ டிசம்பரில். ஆகவே ‘வருஷக் கணக்கில் சமம்’ என்பது கோடையில் வெளியே விட்டதையும் குளிரில் உள்ளே எடுத்ததையும் நேருக்கு நேர் கழித்துக்கொள்ளலாம் என்ற விதியின் மேல் நிற்கிறது. நம் ஊர் வழக்கில் சொன்னால் நெட் மீட்டரிங். பேட்டரி இல்லாத வீட்டில் கூரை மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அந்தந்த நேரத்தில் வீட்டிலேயே செலவாகும். மிச்சம் எல்லாம் அந்த விதியை நம்பியே வெளியே போகிறது. அந்த விதி 2027 ஜனவரி 1 அன்று முடிகிறது. 2024 கடைசியில் சட்டம் நிறைவேறிவிட்டது. அதன்பின் வெளியே போகும் யூனிட்டுக்குக் கிடைப்பது ஒன்று, உள்ளே வரும் யூனிட்டுக்குக் கொடுப்பது அதைவிட மிக அதிகம். மாதக் கட்டணமும் கட்டி, குளிர்காலப் பில்லும் கட்ட வேண்டிய நிலைமை அந்த அம்மா போன்றவர்களுக்கு வரலாம்.

இதற்குள் இன்னும் இரண்டு அடி விழுந்திருந்தது. முதலாவது, மின்கட்டமைப்பில் இடம் இல்லாமல் போனது. 2022இல் நார்த் ப்ராபன்ட், லிம்பர்க் மாகாணங்களில் பெரிய வாடிக்கையாளர்களுக்குப் புது இணைப்பு இல்லை என்று அறிவிப்பு வந்தது. பிறகு மற்ற பகுதிகளுக்கும் பரவியது. வெயில் அடிக்கும் மே மாத ஞாயிறு மதியங்களில் சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. கூரையில் பேனல் வைத்தவர்களிடம் மின்நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கின. உபரி என்பது வருமானமாக இருந்த இடத்தில் செலவாக மாறியது. இரண்டாவது, வட்டி. ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி 2022 ஜூலை வரை மைனஸ் 0.5 சதவீதம், 2023 செப்டம்பரில் 4. பத்து லட்சம் யூரோ கடனை 25 வருஷத்தில் அடைக்க, 1 சதவீத வட்டியில் வருஷம் சுமார் 45,400 யூரோ. 4 சதவீதத்தில் 64,000. கூரை அதே கூரை, வெயில் அதே வெயில். என் மேசையில் இருந்த எக்செல் தாள்களில் பச்சையாக இருந்த வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன.

பேட்டைக்குள்ளேயே பகிர்ந்துகொண்டால் என்ன என்று கேட்கலாம். கேட்டுச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். வடக்கு ஆம்ஸ்டர்டாமின் பாய்க்ஸ்லோட்டர்ஹாம் பழைய தொழிற்பகுதி. அங்கே கால்வாயில் மிதக்கும் ஸ்கோன்ஸ்கிப் குடியிருப்பில் 46 குடும்பங்கள். ஒவ்வொரு மிதவை வீட்டிலும் பேனல், ஹீட் பம்ப், பேட்டரி. எல்லாம் தங்களுக்குள் ஒரே வலையாக இணைந்து, ஊர் மின்கட்டமைப்போடு ஒரே ஒரு முனையில் மட்டும் சேர்கின்றன. பக்கத்து வீட்டின் மிச்சம் எனக்கு, என் மிச்சம் அவர்களுக்கு. இதற்கு வழக்கமான சட்டத்தில் இடமில்லை. 2015இல் வந்த ஒரு பரிசோதனை ஆணையின் கீழ் விலக்கு வாங்கித்தான் செய்தார்கள். அந்த விலக்குக்குப் புது விண்ணப்பம் ஏற்பது 2018இலேயே முடிந்துவிட்டது. அங்குள்ளவர்கள் தங்கள் சொந்தப் பணத்தையும் வருஷக்கணக்கான மாலை நேரங்களையும் போட்டவர்கள். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் பரிசோதனை விலக்கைக் கையில் வைத்துக்கொண்டு சமூக வீடுகளுக்கு நீண்ட காலக் கடன் கேட்டுப் போக முடியாது. எந்த வங்கியும் அதைக் கால் நூற்றாண்டு வருமானமாக எடுத்துக்கொள்ளாது.

இத்தனை பார்த்த பிறகு, பொதுப் பணம் எங்கே போக வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. புதுமைக்கு இப்போது கிடைப்பது போதும். வறண்டு கிடப்பது இரண்டு இடங்கள்: கடன் வருவதற்கு முந்தைய தயாரிப்பு வேலை, விதி மாறினால் விழும் நஷ்டத்தை முதலில் தாங்கும் பணம்.

தயாரிப்புக்கு என்னென்ன வேண்டும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு கூரையின் பலத்தையும் பார்க்க ஒரு பொறியாளர். பழைய வீட்டில் கல்நார் இருக்கிறதா என்று சோதனை. மின்கட்டமைப்பில் இடம் கேட்டு விண்ணப்பம். சொந்த வீட்டுக்காரர்கள், சங்கத்தின் வீட்டில் குடியிருப்பவர்கள், கடைக்காரர்கள் என்று ஒரே தெருவில் மூன்று வகை உரிமை இருந்தால் மூன்று வகை ஒப்பந்தம், அதற்கு ஒரு வழக்கறிஞர். சமையலறை மேசையில் உட்கார்ந்து பேச ஆட்கள். இவை எதற்கும் வங்கி ஒரு காசு தராது. கட்டுமானம் உறுதியான பிறகே வங்கி வரும். சிறிய நகராட்சியில் இதற்கு ஒதுக்கீடு இருப்பதும் இல்லை. அதனால்தான் எலெனா என்ற உதவியை நான் பெரிதாகச் சொல்வேன். ஐரோப்பிய முதலீட்டு வங்கியும் ஐரோப்பிய ஆணையமும் 2009 முதல் நடத்துவது. தயாரிப்புச் செலவில் 90 சதவீதம் வரை கிடைக்கும். நிபந்தனை கடினமானது: வாங்கிய ஒவ்வொரு யூரோவுக்கும் பொதுவாக 20 யூரோ முதலீடு நடக்க வேண்டும், வீடுகள் என்றால் 10. நடக்கவில்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எனக்கு இந்தக் கடினம் பிடிக்கும். அறிக்கையோடு யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது, கூரை ஏறியே ஆக வேண்டும். ஆனால் வழக்கமாக 30 மில்லியன் யூரோ அளவுக்கு முதலீட்டுத் திட்டம் இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். சிறிய ஊர்களுக்கு ஐரோப்பிய நகர வசதி நிதி என்று ஒன்று 60,000 யூரோவை மொத்தமாகத் தருகிறது, முதலீட்டுத் திட்டத்தை எழுத. சின்னத் தொகைதான். ஆனால் ஒரு பொறியாளரையும் ஒரு கணக்கரையும் சில மாதம் உட்கார வைத்துவிடும். அந்தச் சில மாதத்துக்குப் பிறகு நகராட்சி பேசும் பேச்சே வேறு.

புதுமைக்கான பணமும் நிற்கவில்லை. 2022 முதல் நடக்கும் ஐரோப்பிய நகர மாற்றக் கூட்டுத் திட்டம் இப்போது ஆண்டுதோறும் உபரிப் பேட்டைகளுக்கு ஆராய்ச்சிப் பணம் தருகிறது. ஒவ்வொரு நாட்டின் நிதி நிறுவனமும் தன் நாட்டுப் பங்குதாரருக்குத் தன் விதிப்படி கொடுக்கும். அதே ஆண்டு, 2030க்குள் கார்பன் சமநிலை அடைவதற்காக நூறு ஐரோப்பிய ஒன்றிய நகரங்களும் வெளியிலிருந்து பன்னிரண்டும் தேர்வாயின. அவை ஒவ்வொன்றும் முதலீட்டுத் திட்டம் ஒன்றைச் சேர்த்தே ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று வைத்தது நல்ல முடிவு. அந்தத் திட்டங்களைப் படித்தால், தேவைப்படும் தொகையில் பெரும்பகுதி நகராட்சியின் கஜானாவில் இல்லை, வீட்டுக்காரர்களிடமும் நிறுவனங்களிடமும்தான் வர வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது இடம், நஷ்டத்தை முதலில் தாங்கும் பணம். யாழ்ப்பாணத்து அம்மாவின் கேள்வியைச் சங்கத்தின் நிதி மேலாளர் தட்டிக் கழிக்கவில்லை. நகராட்சியையும் கூட்டி உட்கார வைத்தார். பல மாதப் பேச்சுக்குப் பிறகு, மானியமாகக் கொடுக்க வைத்திருந்த தொகையை நகராட்சி சுழல்நிதியாக மாற்றி, இரண்டாம் நிலைக் கடனாகப் பேட்டைக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. பெரிய கடன் வழக்கமான வங்கியிடமிருந்து, உத்தரவாதத்தோடு. நகர்மன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, வரிப்பணத்தை ஏன் பின்வரிசையில் நிறுத்த வேண்டும் என்று கேட்டார். மானியமாகக் கொடுத்தால் அது திரும்பவே வராது, இது நல்ல வருஷங்களில் திரும்பி வந்து அடுத்த தெருவுக்குப் போகும் என்று நிதிக்குழுத் தலைவர் சொன்னார். வாக்கெடுப்பில் நிறைவேறியது. வங்கியின் கடன் குழுவும் இரண்டாம் நிலைக் கடன் உள்ளே வந்ததும் பேட்டைக்கான வட்டியைக் கொஞ்சம் குறைத்தது; தங்களுக்கு முன்னால் அடி வாங்க ஒருவர் நிற்கிறார் என்றால் வங்கிக்கு அதன் மதிப்பு நன்றாகவே தெரியும்.

ஒப்பந்தத்தில் இப்போது ஒரு புதுப் பிரிவு இருக்கிறது. கழித்துக்கொள்ளும் விதியோ மின்கட்டமைப்புக் கட்டணமோ மாறி, கூரையின் வருமானம் கணக்கிட்டதைவிடக் குறைந்தால், முதலில் நிற்பது நகராட்சிக்கு வர வேண்டிய வட்டி. அடுத்து அதன் அசல் தள்ளிப்போகும். அதற்கும் பிறகு சங்கத்தின் கையிருப்பு. குடியிருப்பவரின் மாதக் கட்டணம் அந்த வரிசையில் இல்லை; குளிர்காலப் பில்லில் கூடும் தொகையும் இதே வரிசையிலிருந்து ஈடு செய்யப்படும். அந்த வரைவை வேறு இரண்டு நகராட்சிகள் கேட்டு வாங்கியிருக்கின்றன. ஒன்றில் தெருவுக்குப் பொதுவான பேட்டரியும் வருகிறது. அந்தப் பேட்டரி மின்கட்டமைப்பு நிறுவனத்துக்கு நெரிசல் நேரத்தில் செய்யும் உதவிக்குக் கிடைக்கும் பணத்தை முதலில் யார் கணக்கில் வரவு வைப்பது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். குடியிருப்பாளர் கூட்டுறவின் கணக்கில் என்பது என் தரப்பு.